இரண்டாம் எழுத்தின் வழி: காரைக்கால் வட்டாரத்தில் சொல் தேடிய வரலாறு

குறிப்பிட்ட எழுத்துகள் உள்ளே வரும் சொற்களைத் தேடி எடுப்பது இன்று பெரும்பாலும் ஆங்கிலத்தோடு சேர்த்தே பேசப்படுகிறது. ஐந்து உயிரெழுத்துகளும் வரும் சொல் எது, மிக நீளமான சொல் எது என்ற கேள்விகள் பள்ளி வகுப்புகளிலும் வார இதழ்களிலும் பழகிப்போனவை. தமிழில் இந்தத் தேடல் பொழுதுபோக்காகத் தொடங்கவில்லை. செய்யுள் செய்வோரின் தொழில் தேவையாகத் தொடங்கியது. அரசலாறு கடலில் கலக்கும் காரைக்காலையும், அதைச் சூழ்ந்த அம்பர், சீர்காழி, மாயூரம், தரங்கம்பாடி, நாகூர் முதலிய ஊர்களையும் வைத்தே அந்தத் தொழிலின் வரலாற்றில் பெரும்பகுதியைச் சொல்லிவிடலாம்.

தேவைக்குக் காரணம் எதுகை. தமிழ்ச் செய்யுளில் அடிதோறும் இரண்டாம் எழுத்து ஒன்றி வர வேண்டும். முதல் எழுத்தோ குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில் என அளவு ஒத்திருந்தால் போதும். காரை என்று ஓர் அடி தொடங்கினால் தாரை, நாரை, சாரை, பாரை என்பவை அடுத்த அடிகளுக்கு வரலாம். கரை என்று தொடங்கினால் திரை, நுரை, தரை, வரை என்று வேறு கூட்டம் வேண்டும். இரண்டாம் இடத்து மெய் மட்டும் ஒத்து உயிர் மாறினாலும் வருக்க எதுகை என்று இலக்கணம் இடம் கொடுக்கும். ஆகவே பாட வந்தவருக்கு முதல் எழுத்தை வைத்துச் சொல்லை எடுக்கும் திறமை பாதி உதவிதான் செய்யும். மனத்தில் இருக்கும் சொற்களை இரண்டாம் எழுத்தின்படி அடுக்கி வைத்திருக்க வேண்டும்.

காரைக்கால் அம்மையார் பொதுவாக 6-ஆம் நூற்றாண்டினர் எனக் கொள்ளப்படுபவர். அவருடைய அற்புதத் திருவந்தாதியில் 101 வெண்பாக்கள் உள்ளன. எதுகைக் கட்டோடு அந்தாதிக் கட்டும் அதில் சேர்கிறது: ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கமாக வேண்டும். பாட்டை முடிக்கும்போதே, அந்தச் சொல்லுக்கு எதுகையாக வேறு சொல் கிடைக்குமா என்று பார்த்து முடிக்க வேண்டிய நிலை. வெண்பாவும் கட்டளைக் கலித்துறையும் மாறி மாறி வரும் திரு இரட்டை மணிமாலையின் 20 பாட்டுகளிலும் இதே சங்கிலி உண்டு. அம்மையாரின் பாட்டில் இந்த உழைப்பு வெளியே தெரியாது. பின்னால் வந்த அந்தாதிக்காரர்கள் பலரிடம் அதுதான் முதலில் தெரியும்.

அவருக்குப் பின் 7-ஆம் நூற்றாண்டில் சீர்காழியிலிருந்து வந்த திருஞானசம்பந்தர், இன்றைய காரைக்கால் மாவட்டத்துக்குள் இருக்கும் திருநள்ளாறு, தருமபுரம், திருவேட்டக்குடி, தெளிச்சேரி ஆகிய தலங்களைப் பாடியவர். எழுத்தைக் கட்டுப்படுத்திப் பாடும் வகைகள் தேவாரத்தில் அவரிடமே மிகுதி. ஏகபாதம், திருவியமகம், சக்கரமாற்று, கோமூத்திரி, எழுகூற்றிருக்கை, மாலைமாற்று எனப் பட்டியல் நீளும். சீர்காழி மேல் அவர் பாடிய மாலைமாற்றுப் பதிகத்தில் 11 பாட்டுகள். ஒவ்வொன்றும் கடைசி எழுத்திலிருந்து முதல் எழுத்துக்குப் படித்தாலும் அதுவே வரும். விகடகவி என்ற சொல்லைத் திருப்பிப் படித்து மகிழும் சிறுவர் விளையாட்டு அங்கே முழுப் பதிகமாக நிற்கிறது. தமிழில் திருப்பும்போது உயிர்மெய் உடையாது. கவி என்பது விக ஆகுமே தவிர, ககரம், அகரம், வகரம், இகரம் என்று நான்காகப் பிரியாது. எழுத்து என்பதன் அலகு இங்கே வேறு. இந்த வேறுபாடு குறுக்கெழுத்து வரையிலும் கணினி வரையிலும் தொடர்கிறது.

12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் தண்டியலங்காரம் இத்தகைய எழுத்து வித்தைகளுக்குச் சித்திரகவி என்று பெயரிட்டு 12 வகைகளை அடுக்குகிறது. அவற்றில் மூன்று, சொல் தேடும் பயிற்சிக்கு மிக நெருக்கமானவை. எழுத்து வருத்தனம் என்பது ஒரு சொல்லோடு எழுத்தைச் சேர்த்துச் சேர்த்து வேறு சொற்களை வரவழைப்பது. மலை என்ற சொல்லின் முன்னே ககரம் சேர்ந்தால் கமலை. அது திருவாரூரின் பெயர். அக்கரச்சுதகம் இதற்கு எதிர். பவளத்தில் முதல் எழுத்து போனால் வளம்; கமலத்தில் நடு எழுத்து போனால் கலம். வினாவுத்தரத்தில் கேள்விகள் வரிசையாக வரும். வண்டு பூவில் தேடுவது எது, வாயால் பேசப்படுவது எது, இரண்டும் சேர்ந்த பெண் பெயர் எது என்று கேட்டால் தேன்மொழி என்று விடை வரும். ஆங்கிலக் குறுக்கெழுத்துக் குறிப்புகளில் பலவும் இந்த மூன்று உத்திகளில்தான் ஓடுகின்றன. இவற்றோடு மாத்திரைச் சுருக்கம் என்ற ஒன்றையும் புலவர்கள் ஆண்டார்கள். நெடிலைக் குறிலாக்க வேறு பொருள் தரும் சொல் பிறக்கும். காரை, கரை ஆவது அப்படி.

சில எழுத்துகளை அறவே விலக்கும் வகையும் உண்டு. நிரோட்டகம் பாடுபவர் உதடு ஒட்டும் பகர மகரங்களையும் உதடு குவியும் ஒலிகளையும் தொடக்கூடாது. 17-ஆம் நூற்றாண்டில் சிவப்பிரகாசர் நிரோட்டகத்தையும், எழுத்து மாறாமல் பொருள் மட்டும் மாறும் யமகத்தையும் ஒன்றாகப் பூட்டித் திருச்செந்தூர் மேல் ஓர் அந்தாதியே பாடினார். அமெரிக்கரான எர்னஸ்ட் வின்சென்ட் ரைட் ஆங்கில ‘e’ என்ற ஓர் எழுத்தை மட்டும் விலக்கி 1939-இல் கேட்ஸ்பி என்ற நாவலை வெளியிட்டதும், பிரெஞ்சுக்காரரான ஜார்ஜ் பெரெக் 1969-இல் தம் மொழியில் அதையே செய்ததும் உலகப் புதுமைகளாகப் பேசப்படுகின்றன. விலக்கிய எழுத்துகளின் எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் சிவப்பிரகாசரின் கட்டுதான் கடுமை. எதிர்முனையில், ஒரே வருக்கத்து எழுத்துகளை மட்டும் வைத்துப் பாடிய தனிப்பாடல்கள் காளமேகப் புலவரின் பெயரில் வழங்குகின்றன; தகர வருக்கத்தில் அமைந்த பாட்டைத் தமிழ்நாட்டுப் பள்ளி மாணவர்கள் இன்றும் நாக்குச் சுழற்றச் சொல்லிப் பார்க்கிறார்கள்.

இத்தனைக்கும் சொற்களஞ்சியம் எங்கிருந்து வந்தது? விடை அரசலாற்றின் கரையிலேயே இருக்கிறது. கிடைத்துள்ள தமிழ் நிகண்டுகளில் மிகப் பழையது திவாகரம். அதைச் செய்தவர் திவாகரர். செய்வித்தவர் அம்பர் என்ற ஊரின் தலைவனான சேந்தன். அதனால் நூலுக்குச் சேந்தன் திவாகரம் என்றே பெயர். அரிசிலாறு எனப் பழைய நூல்கள் சொல்லும் அரசலாற்றின் கரையில், காரைக்காலுக்கு மேற்கே, பூந்தோட்டத்தை ஒட்டி இருக்கிறது அம்பர். தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர் என்று பொருள் வழியாகச் சொற்களைத் தொகுத்தது திவாகரம். பின்னால் வந்த பிங்கலமும் அதே வழிதான். யானைக்கு எத்தனை பெயர் என்று தேடுபவருக்கு இது வசதி. குறிப்பிட்ட எழுத்து வரும் சொல்லைத் தேடுபவருக்கு வசதியில்லை.

அந்தக் குறையைத் தீர்த்த நூல் மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டு. இதன் காலம் பொதுவாக 16-ஆம் நூற்றாண்டு எனப்படுகிறது. 12 தொகுதிகள், எல்லாம் விருத்தப்பா. முதல் பத்தும் திவாகரத்தின் பாதையில் செல்ல, பல பொருள் தரும் ஒரு சொற்களைக் கூறும் பதினோராவது தொகுதி மட்டும் எதுகை வரிசையில் அமைந்திருக்கிறது. ககர எதுகை, ஙகர எதுகை, சகர எதுகை என்று இரண்டாம் எழுத்தின்படி சொற்கள் நிற்கின்றன. இந்த அமைப்பின் சாமர்த்தியம் கவனிக்கத் தக்கது. நூல் விருத்தத்தில் இருப்பதால் நான்கு அடிகளும் எதுகையில் தொடங்கியாக வேண்டும். பொருள் சொல்லப்பட வேண்டிய சொல்லையே அடியின் தலையில் வைத்துவிட்டால் ஒரு பாட்டில் நான்கு எதுகைச் சொற்கள் தாமாகவே கூடிவிடும். யாப்பே தேடுபொறியின் வேலையைச் செய்துவிடுகிறது. புறத்தே ஓர் அட்டவணை தேவையில்லை. கயாதரர் செய்த நிகண்டு வேறொரு வழியை எடுத்தது: கட்டளைக் கலித்துறையில் அந்தாதியாக நூல் முழுவதையும் கோத்து, பாட்டு வரிசை மாறாமலும் நடுவில் ஒன்று விட்டுப்போகாமலும் காத்தது.

நிகண்டு ஏட்டில் இருந்தாலும் பயன்பட்டது வாயில்தான். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஆத்திசூடி, சதகம், அந்தாதி இவற்றோடு நிகண்டையும் பிள்ளைகள் நெட்டுருப் போட்டார்கள். பொருள் அப்போது விளங்காது. பத்து வருஷம் கழித்துச் செய்யுள் செய்யும்போது ஒரு சொல் கேட்டால், அதன் எதுகைக் கூட்டம் முழுவதும் நாக்கில் வரும். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் 1871-இல் மாயூரத்தில் பாடம் கேட்கச் சென்ற உ.வே. சாமிநாதையர், நிகண்டு பாடம் உண்டா என்று பிள்ளையவர்கள் விசாரித்ததைத் தம் சரித்திரத்தில் குறித்திருக்கிறார். அந்தக் கேள்விக்கு நியாயமான காரணம் இருந்தது. பிள்ளையவர்கள் யமக அந்தாதி, திரிபந்தாதி வகைகளில் நிறையப் பாடியவர். தில்லைக்கு ஒரு யமகம், குடந்தைக்கு ஒரு திரிபு என்று தலங்கள் தோறும் செய்துகொண்டிருந்தவர். திரிபு என்பதில் நான்கு அடிகளின் தொடக்கத்திலும் முதல் எழுத்து மட்டும் மாற, இரண்டாம் எழுத்திலிருந்து சில எழுத்துகள் அப்படியே திரும்ப வரவேண்டும். யமகத்தில் முதல் எழுத்தும் மாறாமல் வந்து, பொருள் மட்டும் மாறும். நிகண்டு நெட்டுரு இல்லாத மாணவன் இவற்றைச் செய்வது இருக்கட்டும், பதம் பிரித்துப் படிக்கவே தடுமாறுவான்.

19-ஆம் நூற்றாண்டில் இந்தத் திரிபு யமகங்கள் அளவு மீறிப் பெருகின என்பதையும் சொல்ல வேண்டும். கோயிலுக்கு ஒன்று, மடத்துக்கு ஒன்று என்று வந்தவற்றில் பெரும்பாலானவை இன்று படிக்கப்படுவதில்லை. அவற்றைப் பதம் பிரிக்கும் அலுப்புக்கு ஏற்ற கவிதை உள்ளே இல்லை. ஆனாலும் சொற்களை எழுத்தின் வழியே வகுத்துப் பார்க்கும் பயிற்சியை அவை ஒரு தலைமுறைக்குக் கொடுத்தன. ஏட்டுச் சுவடிகளில் சிதைந்த எழுத்துகளை வைத்து மூலச் சொல்லை ஊகிக்கச் சாமிநாதையருக்கு அந்தப் பயிற்சி உதவாமல் இருந்திருக்க முடியாது. எதுகை கெட்டிருந்தால் பாடம் பிழை என்று உடனே தெரிந்துவிடும்.

முதல் எழுத்து வரிசை தமிழுக்குப் பின்னால் வந்தது. சிதம்பரம் ரேவணசித்தர் 1594-இல் செய்த அகராதி நிகண்டுதான் அகர முதலாகச் சொற்களை அடுக்கிய முதல் தமிழ் நூல். ஐரோப்பியர் வந்த பிறகு இந்த வரிசை வேகம் பிடித்தது. போர்த்துகீசிய யேசு சபையினரான அந்தாம் தெ புரோயென்சாவின் தமிழ் போர்த்துகீசிய அகராதி 1679-இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சானது. 16,000-க்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்ட அந்த நூலைத் தனிநாயக அடிகள் 1966-இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். காரைக்காலுக்கு வடக்கே சற்றுத் தொலைவில் உள்ள தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்து இறங்கிய சீகன்பால்க், தமிழ்ச் சுவடிகளை வாங்கிப் படித்துப் பட்டியலிட்டதோடு, உரைநடைச் சொற்களுக்கும் செய்யுட் சொற்களுக்கும் தனித்தனியே அகராதிகளை ஓலையில் தொகுத்தார். ஒரு சொல்லைக் காதால் கேட்டோ ஏட்டில் பார்த்தோ அதன் பொருளைத் தேடுபவர் இவர்கள். பொருள் தெரியாதவருக்கு முதல் எழுத்துத்தான் கைப்பிடி. பாட்டுக் கட்டுபவருக்கு இரண்டாம் எழுத்து.

இரண்டு தேவையையும் ஒரே நூலில் வைத்தவர் வீரமாமுனிவர். இத்தாலியில் 1680-இல் பிறந்து 1710-இல் இந்தியா வந்த இந்த யேசு சபைக் குருவின் சதுரகராதி 1732-இல் முடிந்தது. பெயரகராதி சொல்லிலிருந்து பொருளுக்கும், பொருளகராதி பொருளிலிருந்து சொற்களுக்கும் செல்லும். தொகையகராதி மூவேந்தர், ஐம்பொறி போன்ற தொகைகளை விரிக்கும். நான்காவதான தொடையகராதி எதுகைச் சொற்களைத் தரும். நான்கில் இன்று அதிகம் பேசப்படாதது இதுதான். ஆனால் சூடாமணியின் பதினோராவது தொகுதியைப் பாட்டிலிருந்து பட்டியலாக மாற்றிய வேலை இது. நூல் முழுமையாக அச்சேறியது 1824-இல், சென்னைக் கோட்டைக் கல்லூரியில்.

ஐரோப்பிய மொழிகளிலும் ஓசைக்காகச் சொல் அடுக்கிய நூல்கள் உண்டு. ஆங்கிலத்தில் பீட்டர் லெவின்ஸ் 1570-இலும் ஜான் வாக்கர் 1775-இலும் சொற்களை ஈற்றெழுத்துகளின்படி அடுக்கினார்கள். அவர்களுடைய பாட்டில் இயைபு அடியின் கடைசியில் வரும். அரபு மொழியின் பெரிய அகராதிகளான ஜவ்ஹரியின் ஸிஹாஹும் பைரூஸாபாதியின் காமூஸும் வேர்ச்சொல்லின் கடைசி எழுத்தை முதலில் பார்ப்பவை. நாகூர் முதல் காரைக்கால் வரையிலான கடற்கரையில் அரபுத் தமிழ் எழுதியும் தமிழ்ப் புராணம் பாடியும் வந்த முஸ்லிம் புலவர்களுக்கு முன்னால் ஆக மூன்று வரிசைகள் இருந்தன: தலையெழுத்து, இரண்டாம் எழுத்து, கடையெழுத்து. நாகூர்ப் புராணம் பாடிய குலாம் காதிறு நாவலர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் காலத்தவர். எதுகைக் கலையில் அவருக்குச் சளைத்தவர் அல்லர்.

வீரமாமுனிவர் எழுத்திலேயே செய்த ஒரு திருத்தமும் இந்த வரலாற்றில் சேரும். ஓலையில் எழுத்தாணி கிழிக்கும் என்பதால் புள்ளி வைக்கமாட்டார்கள். எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் ஒரே வடிவம் எழுதினார்கள். அப்படிப்பட்ட ஏட்டில் செடி, சேடி இரண்டும் ஒன்றாகவே தெரியும். குறில் நெடிலைக் கண்ணால் பிரிக்க முடியாதபோது எழுத்து வரிசையும் உறுதியாக நிற்காது. நெடிலுக்குச் சுழித்த கொம்பைக் கொடுத்து அவர் அதைப் பிரித்துக் காட்டினார். அச்சு அதை நிலைநிறுத்தியது.

வீரமாமுனிவர் சதுரகராதியை முடித்த ஏழாம் ஆண்டில், 1739-இல், தஞ்சை மராட்டிய அரசிடமிருந்து காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. நடுவில் ஆங்கிலேயர் பலமுறை பிடித்தும், 1814-இன் பாரிஸ் உடன்படிக்கையின்படி திரும்பக் கொடுத்தும், 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு நிர்வாகம் அங்கே நடந்தது. எழுத்தைத் தேடும் வேலை இங்கே வேறொரு முகம் கொண்டது. பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேடுகளில் தமிழ்ப் பெயர்கள் பிரெஞ்சு ஒலிப்புக்கு ஏற்ப ரோமன் எழுத்தில் ஏறின. உகரத்துக்குப் பிரெஞ்சு வழக்கப்படி இரண்டு உயிரெழுத்துகள் சேர்ந்து வரும். சகரம் ஒரு குமாஸ்தாவிடம் ஒரு மாதிரியும் அடுத்தவரிடம் வேறு மாதிரியும் வரும். ழகரம் எங்கே போய் ஒளிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. பிரெஞ்சு வழக்கில் பத்தாண்டுக்கு ஒரு தடவை பதிவேடுகளுக்குப் பெயர்வரிசைப் பட்டியல் போடுவார்கள். பாட்டன் பெயரை அந்தப் பட்டியலில் தேடுபவர் முதல் எழுத்தை நம்பினால் ஏமாறுவார். பெயரின் நடுவில் மாறாமல் நிற்கும் எழுத்துகளை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இது சில்லறை விஷயம் அல்ல. 1881 செப்டம்பர் 21-இன் ஆணைப்படி இந்து அல்லது இஸ்லாமியத் தனிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றவர்கள் குடும்பப் பெயர் ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். காரைக்கால் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த 1962 ஆகஸ்ட் 16-க்குப் பிறகு, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள ஆறு மாத அவகாசம் இருந்தது. குடியுரிமை, ஓய்வூதியம், சொத்து எல்லாமே பாட்டன் பூட்டன் பெயர் எந்த எழுத்துக்கூட்டில் பதிவாகியிருக்கிறது என்பதில் தொங்கின. எழுத்து ஒன்று மாறினால் வாரிசு மாறிவிடும் என்ற கவலை காரைக்காலில் நிஜமான கவலை.

தமிழையும் பிரெஞ்சையும் இணைத்த அகராதி வேலை புதுச்சேரியில் நடந்தது. முஸ்ஸே, துய்ப்புய் என்ற இரு பாதிரிமார் தொகுத்த தமிழ் பிரெஞ்சு அகராதியின் முதல் தொகுதி 1855-இலும் இரண்டாம் தொகுதி 1862-இலும் மிஷன் அச்சகத்திலிருந்து வெளிவந்தன. இளமையைக் காரைக்காலில் கழித்துத் தமிழ் கற்ற ழூலியேன் வேன்சோன், 1879 முதல் பாரிஸின் கீழைமொழிப் பள்ளியில் தமிழ் கற்பித்தார். இலக்கணம், பாடப் பகுதிகள், சொற்பட்டியல் ஆகிய மூன்றும் அடங்கிய அவருடைய தமிழ்க் கையேடு 1903-இல் வந்தது. உ.வே. சாமிநாதையரோடு கடிதத் தொடர்பும் அவருக்கு இருந்தது. பக்கத்துத் தரங்கம்பாடியில் லுத்தரன் மிஷன், ஃபப்ரிஷியஸ் அகராதியைத் திருத்தி விரித்து 1897-இல் வெளியிட்டது. தரங்கம்பாடி அகராதி என்றே அது பெயர் பெற்றது. ராட்லர், வின்சுலோ ஆகியோரின் அகராதிகள், கடைசியாக 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகன், எல்லாம் முதல் எழுத்து வரிசையே. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களைச் சேர்த்த லெக்சிகனில் எதுகைக்கு இடமில்லை. அகராதிக்காரர்களுக்கு எதுகை கவிராயர் சங்கதியாகிவிட்டது.

எதுகை அறிவு மீண்டும் காசாகியது வார இதழ்களில். ஆர்தர் வின் என்பவர் 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்டு பத்திரிகையில் வெளியிட்ட கட்டம்தான் குறுக்கெழுத்தின் தொடக்கம். 1928-இல் ஆனந்த விகடனை வாங்கிய எஸ்.எஸ். வாசன் 1930-களில் பரிசுக் குறுக்கெழுத்துப் போட்டிகளை நடத்தினார். தமிழ் வாசகர்களிடையே அந்த வேட்கை வேகமாகப் பரவியது. தமிழ்க் கட்டத்தில் ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. உயிர்மெய்யும் ஒன்று, புள்ளியெழுத்தும் ஒன்று. ஆங்கிலத்தில் 26 எழுத்துகளே இருப்பதால் எந்தச் சொல்லும் எந்தச் சொல்லையும் எளிதில் வெட்டும். தமிழில் 247 எழுத்துகள். ஆகவே நெடுக்குச் சொல்லின் மூன்றாம் எழுத்து குறுக்குச் சொல்லின் இரண்டாம் எழுத்தாக வருவது அவ்வளவு சுலபமில்லை. தமிழ்க் கட்டங்களில் கறுப்புச் சதுரம் மிகுவதற்கு இதுவே காரணம், ஆக்குபவரின் சோம்பல் அல்ல.

பரிசுப் போட்டிகளின் தந்திரம் பழைய திரிபேதான். முதல் எழுத்தை வெறுமையாக விட்டு, ‘ரை’ என்று முடியும் ஈரெழுத்துச் சொல்லைக் கேட்டால் கரையும் பொருந்தும், திரையும் பொருந்தும், நுரையும் பொருந்தும். குறிப்பு மூன்றுக்கும் இடம் தரும்படி எழுதப்பட்டிருக்கும். எது சரி என்பது நடத்துபவர் முன்கூட்டியே மூடி முத்திரையிட்ட உறையில் இருக்கும். வாசகர் நுழைவுக் கட்டணம் கட்டி எல்லாச் சேர்க்கைகளையும் அனுப்பிப் பார்ப்பார். புலமை முடிந்து சூதாட்டம் தொடங்கும் இடம் அது. நாடாளுமன்றம் 1955-இல் பரிசுப் போட்டிகள் சட்டத்தை இயற்றியது. எழுத்துகளையோ சொற்களையோ எண்களையோ கூட்டியும் அடுக்கியும் மாற்றியும் விடை காணும் எந்தப் புதிருக்கும், அது குறுக்கெழுத்து என்றாலும் வேறு பெயர் கொண்டாலும், பொருந்தும்படி அதன் வரையறை அமைந்தது. மாதம் 1,000 ரூபாய்க்கு மேல் பரிசு கூடாது; 2,000-க்கு மேல் நுழைவுத் தாள்கள் கூடாது; உரிமமும் வேண்டும். சமர்பாக்வாலா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1957-இல் சட்டத்தை உறுதிசெய்து, அதிர்ஷ்டத்தை நம்பும் போட்டிகளுக்கே அது பொருந்தும், திறமைப் போட்டிகளுக்கு அல்ல என்று பிரித்தது. அதன் பிறகு தமிழ் இதழ்களில் குறுக்கெழுத்து சிறு பரிசோடும் பரிசில்லாமலும் தொடர்ந்தது.

ஆங்கில நீளச்சொல் வேட்டை காரைக்காலுக்கு வந்தது பிரெஞ்சுப் பள்ளிகளின் இடத்தை ஆங்கிலவழிப் பள்ளிகள் பிடித்த பிறகு. அந்த வேட்டையின் உச்சியில் நிற்கும் 45 எழுத்துச் சொல், எரிமலைத் தூசியால் வரும் நுரையீரல் நோயின் பெயர் என்று அகராதியில் இருக்கிறது. மருத்துவர்கள் அதை ஆக்கவில்லை. அமெரிக்கப் புதிர்க்காரர் சங்கத்தின் தலைவராக இருந்த எவரெட் ஸ்மித் 1935-இல் நீளத்துக்காகவே கட்டிய சொல் அது. கல்வியைக் குறிக்கும் எஜுகேஷன் என்ற சாதாரணச் சொல்லில் அம்மொழியின் ஐந்து உயிரெழுத்துகளும் இருப்பது இதைவிட அழகான கண்டுபிடிப்பு. தமிழில் மிக நீளமான சொல் எது என்ற கேள்விக்குப் பொருளில்லை. விகுதிகளும் துணைவினைகளும் ஒட்டிக்கொண்டே போகலாம். எங்கே நிறுத்துவது என்பது பேசுபவர் விருப்பம். எழுத்துகளின் இருப்பிடமே தமிழுக்கு ஏற்ற கேள்வி.

கணினி வந்தபின் இந்தக் கேள்விக்கு விடை நொடியில் கிடைக்க வேண்டும். யூனிக்ஸ் கணினிகளில் 1970-களில் கென் தாம்சன் எழுதிய கிரெப் என்ற நிரல், சொற்பட்டியலிலிருந்து வேண்டிய எழுத்து வேண்டிய இடத்தில் வரும் சொற்களைப் பொறுக்கித் தரும். ஆங்கிலத்துக்கு அது அப்படியே பொருந்தியது. தமிழில் சிக்கல் உண்டு. 1991-இல் வெளியான யூனிகோட் முதற்பதிப்பிலிருந்தே தமிழ் அதில் இருக்கிறது. ஆனால் உயிர்மெய் அங்கே அகரமேறிய மெய்யும் உயிர்க்குறியுமாகப் பிரிந்து பதிவாகும். காரை என்ற ஈரெழுத்துச் சொல் கணினிக்கு நான்கு குறிகள். இரண்டாம் இடத்தில் ரை வரும் சொல்லைக் கேட்டால், இரண்டாம் குறியாக இருப்பது துணைக்கால். ககரத்தைத் தேடினால் கா, கி, கு எல்லாம் வந்து நிற்கும். உயிர்க்குறிகளை முன்னெழுத்தோடு சேர்த்து எண்ணும்படி நிரலை எழுதினால்தான் எதுகை கிடைக்கும். ஒவ்வொரு எழுத்துக்கும் தனிக் குறியீடு தரும் டேஸ் 16 என்ற முறையைத் தமிழ்நாடு அரசு 2010-இல் ஏற்றுக்கொண்டதற்கு இத்தகைய இடர்களே பின்னணி. பொதுமக்கள் பயன்பாட்டில் யூனிகோடே நிலைத்துவிட்டதால், எழுத்தெண்ணும் வேலையை நிரல் எழுதுபவரே செய்ய வேண்டியிருக்கிறது.

நிரல் எழுதத் தெரியாதவருக்கும் வழி இருக்கிறது. சூடாமணி நிகண்டின் பதினோராவது தொகுதி ஆறுமுக நாவலர் காலத்திலிருந்து உரையோடு தனிநூலாகவே அச்சிடப்பட்டு வந்திருக்கிறது. சதுரகராதியின் பதிப்புகளும் நூலகங்களில் உள்ளன. இரண்டாம் எழுத்தை வைத்துச் சொல் தேடுபவர் அவற்றை நேரே புரட்டிப் பார்க்கலாம்.